கிழவர் பதில் போட்டவரோ?

கைபேசி அடித்தபோது நான் வேலையில் இருந்தேன். பகலில் என் கைபேசி அடித்தால் நான் நினைப்பது ஒன்றுதான். பிள்ளை பார்க்கும் டேகெயார்தான், மகள் லயா விழுந்துவிட்டாள், அல்லது விட்ட காய்ச்சல் திரும்பிவிட்டது. இலக்கத்தைப் பார்த்தேன். டேகெயார் இல்லை. றஞ்சி அக்காவின் பெறாமகள், அவர் தங்கச்சியின் மகள் ஷர்மி. அப்பாடா என்று மூச்சு விட்டபடிதான் “சொல்லும் ஷர்மி” என்றேன். அந்த மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

“அக்கா, பெரியம்மா போயிட்டா. காலமை தேத்தண்ணி போட எழும்பினவ. கீழ சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தம். அம்புலன்ஸ் கெதியாத்தான் வந்தது, அக்கா. கெதியாத்தான் வந்தது.”

அந்தக் கடைசி வரியை அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். யாரோ அவளிடம் கணக்குக் கேட்டதைப் போல.

நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி ஷர்மி கேட்டிருந்தாள். எழுத உட்கார்ந்த நேரமெல்லாம் லயாவின் இருமல் கேட்டது, அல்லது கேட்பதுபோல இருந்தது. மலர் அச்சாகி, முப்பத்தோராம் நாள் பூசையில் உங்கள் எல்லோரின் கைக்கும் வந்துவிட்டது. என் பக்கம் அதில் இல்லை. பிந்தித்தான் எழுதுகிறேன். பிந்தினாலும் எழுத வேண்டும் என்பதை அவரிடம்தான் படித்தேன். அது எப்படி என்று கீழே சொல்கிறேன்.

உங்களில் பலருக்கு அவர் மாதா கோயில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றவர். இன்னும் பலருக்கு, எந்த வீட்டு விசேடத்துக்கும் சூடு ஆறாத, மீன் அடைத்த பணிஸோடு வந்து இறங்குகிறவர். எனக்கு அவர் என்னுடைய சோடி. மார்க்கம் என்ற ஊரில் ஒரு தட்டைக் கட்டடத்தில், பழைய கையெழுத்துக் கடிதங்களைக் கணினியில் தட்டச்சிட்டுக் கொடுக்கும் நிறுவனமொன்றில், நாங்கள் இருவரும் ஒரு சோடியாக வேலை செய்தோம். நான் கலியாணம் முடித்து இங்கே வந்து, பட்டதாரிச் சான்றிதழைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, லயா பிறந்த பிறகு தேடிக்கொண்ட முதல் வேலை அது. நாங்கள் இருந்த ஸ்ரௌவ்வில் ஊரின் புது வீட்டுத் திட்டத்திலிருந்து கார் இல்லாமல் பால் வாங்கக்கூடப் போக முடியாது. என்னிடம் லைசென்ஸ் இல்லை. றஞ்சி அக்கா இரண்டு தெரு தள்ளி, தங்கச்சி குடும்பத்தோடு இருந்தார். செபமாலை தொங்கும் அவருடைய பழைய கொரொல்லாதான் என்னை ஏற்றி இறக்கியது.

நாங்கள் தட்டச்சிட்டவை, முன்னொரு காலத்தில் அமெரிக்காவின் ஜனாதிபதியாக இருந்த ஒருவரின் கடிதங்கள். அவர் எழுதியவை, அவருக்கு வந்தவை, வீட்டுக் கடிதம், நாட்டுக் கடிதம் எல்லாம். பெயரை வெளியே சொல்லமாட்டோம் என்று கையொப்பம் வைத்துத்தான் சேர்ந்தோம், இப்போதும் சொல்லப்போவதில்லை. றஞ்சி அக்கா அவரைக் கிழவர் என்பார். “கிழவருக்கு இண்டைக்கு ஆரோட கொழுவல், ஆரோட சண்டை?” என்று கேட்டுக்கொண்டுதான் கணினியைத் திறப்பார்.

வேலை முறை இப்படி. ஒரே கடிதத்தை இருவர் தனித்தனியே தட்டவேண்டும். ஒருவர் தட்டியதை மற்றவர் பார்க்கக்கூடாது. பிறகு கணினி இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தைச் சிவப்பாக்கும். சிவப்பான இடங்களுக்கு இருவரும் ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்து முடிவு காணவேண்டும். எழுதியவர் விட்ட பிழையைத் திருத்தக்கூடாது என்பது முதல் விதி. சிவப்பு இல்லாவிட்டால் கடிதம் சரி என்பது இரண்டாவது விதி. இந்த இரண்டாவதில்தான் பின்னால் நாங்கள் விழுந்தோம்.

ஒவ்வொரு கடிதத்துக்கும் கீழே இரண்டு பெட்டிகள் இருக்கும்: தனிப்பட்டது, அரசியல். ஏதாவது ஒன்றில் மட்டும் சரி போடலாம். எங்களுக்குள் வந்த சிவப்பில் பாதி அங்கேதான். கிழவர் ஓர் அமைச்சருக்கு அரசாங்க வரிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். நடுவில் தன் பல்வலியைப் பற்றியும் கொஞ்சம். நான் அரசியல் என்று போட்டிருந்தேன். அக்கா தனிப்பட்டது என்று போட்டிருந்தார்.

“என்னக்கா இது? வரியைப் பற்றித்தானே எழுதியிருக்கிறார்.”

“பல்லுக்குத்தோட இருந்து போட்ட வரி, வாணி. அதுதான் அவ்வளவு வரி.”

“கெவின் கேட்டால் என்ன சொல்லுறது?”

“கெவினுக்குப் பல்லுக் குத்தேக்க வந்து கேக்கச் சொல்லும்.”

கெவின் எங்கள் மேற்பார்வையாளர். இங்கேயே பிறந்த தமிழ்ப் பொடியன், எங்களை ‘லெட்டர் அக்காமார்’ என்பான். அன்றைக்கு மேசையில் தலையை வைத்துச் சிரித்தேன். பிள்ளை பிறந்த பிறகு அப்படி நான் சிரித்தது அதுதான் முதல் என்று நினைக்கிறேன்.

கிழவருக்குச் சாதாரண சனங்களும் எழுதியிருந்தார்கள். வேலை கேட்டு, மன்னிப்புக் கேட்டு, போருக்குப் போன பிள்ளையைக் கேட்டு. அப்படியான கடிதம் வரும்போதெல்லாம் றஞ்சி அக்கா கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “கிழவர் பதில் போட்டவரோ?” கிழவர் அனுப்பிய பதில்களின் நகல்கள் வேறாகக் கிடந்தன. எந்தக் கடிதத்துக்கு எது பதில் என்று கணினியே தேடி இணைக்கும். இணைத்திருந்தால் கீழே பதிலைத் திறக்கலாம். இல்லாவிட்டால் ‘பதில் இல்லை’ என்று நிற்கும். எங்கள் வேலைக்கு அது தேவையில்லாத விஷயம். ஆனாலும் அக்கா பார்க்காமல் விடமாட்டார். பதில் இருந்தால், “போட்டிருக்கிறார், போட்டிருக்கிறார்” என்று எனக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் அடுத்த கடிதத்துக்குப் போவார்.

ஒருநாள், உடுப்புத் தோய்த்துப் பிழைத்த ஒரு விதவையின் கடிதம் வந்தது. மகன் படையோடு போனவன். கனகாலமாகச் செய்தி இல்லை. உயிரோடு இருக்கிறானா என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லை. வரிகள் தாளின் மேல்மூலையை நோக்கி ஏறிப் போயின. அந்தப் பிழைகளை ஒன்றுவிடாமல் அப்படியே தட்டினோம். எங்கள் இருவரின் எழுத்திலும் ஒரு சிவப்பு வரவில்லை. பெட்டியில் மட்டும் வந்தது.

இந்த முறை அவர் பகிடி விடவில்லை.

“பிள்ளையைத் தேடுறது அரசியலோ, வாணி?”

“மனு எண்டால் அரசியல் எண்டு விதியில கிடக்கு, அக்கா.”

“விதி எழுதினவருக்குப் பிள்ளை துலைஞ்சிராது.”

நான் என் பெட்டியை மாற்றினேன். அவர் கீழே போய்ப் பார்த்தார். ‘பதில் இல்லை’ என்று நின்றது. திரையை மூடிவிட்டு எழும்பிப் போனார்.

அன்று பின்னேரம் வீடு திரும்பும் வழியில் ஸ்நோ கொட்டியது. நாற்பத்தெட்டாம் நெடுஞ்சாலையில் கார்கள் ஊர்ந்தன. டேகெயார் மூடமுன் போய்ச் சேருவேனா என்று நான் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் றோட்டைப் பார்த்தபடி கதைக்கத் தொடங்கினார்.

“நான் டைப் பழகினது வங்கி வேலைக்கு. ஆனால் நான் முதல் அடிச்ச கடிதம் என்ன தெரியுமோ? எங்கட தம்பி, யூட் எண்டு பேர், அவனை ஊரில ஆமிக்காரர் றோட்டில மறிச்சுக் கொண்டுபோனவங்கள். அம்மாவுக்கு இங்கிலீசு தெரியாது. கோயில் அறையில பங்குச் சுவாமியின்ர டைப்றைற்றர் கிடந்தது. நான்தான் அம்மாவா நிண்டு எழுதினன். கீழே கையொப்பமிடும் தாயாகிய நான் எண்டு. எனக்கு அப்ப இருபது வயசு, வாணி. எங்கட நாட்டு ஜனாதிபதிக்கு எழுதினன். அவர் மாற, வந்தவருக்கு எழுதினன். கடிதம் கிடைச்சது எண்டு ஒரு துண்டுகூட வரேல்லை.”

நான் மணிக்கூட்டைப் பார்ப்பதை விட்டேன்.

“என்ர இங்கிலீசு பிழைச்சுப் போச்சு எண்டுதான் நான் நினைச்சனான். எங்கயோ மரியாதை குறைஞ்சு போச்சு. எங்கயோ ஒரு சொல்லை மாத்திப் போட்டன். வாசிச்சவன் சிரிச்சுப்போட்டு எறிஞ்சிருப்பான். அம்மாவும் இஞ்ச வந்து சாகுமட்டும் கேட்டுக்கொண்டிருந்தவ. ‘நீ பிழையில்லாம, வடிவா எழுதினனீதானே, பிள்ளை?’ எண்டு.”

“நீங்கள் என்னக்கா சொல்லுவீங்கள்?”

“என்னத்தைச் சொல்லுறது? ஓம் எண்டு சொல்லத் தெரிஞ்சால்தானே.”

புள்ளியே இல்லாத அந்தக் கடிதத்துக்கும் பதில் வரவில்லை என்பது அவருக்கு என்ன சொல்லியிருக்கும் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒழுங்காக எழுதத் தெரியாதவர்களுக்குப் பதில் வராது. அவர் இத்தனை வருடமாகத் தன்னைப் பற்றி நம்பியிருந்ததும் அதுதான். டேகெயாரில் லயா கடைசிப் பிள்ளையாகச் சப்பாத்தோடு நின்றாள்.

சில மாதங்கள் கழிந்தன. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் லயாவின் மருத்துவரின் அறையிலிருந்து அழைப்பு வந்தது. தடுப்பூசிக்குக் குறித்த நாள் முதல்நாளே போய்விட்டதாம். திகதி எழுதித் தந்த அட்டை என் பையில்தான் இருந்தது. இரண்டு மாதம் கழித்து என்றல்லவா கலண்டரில் வட்டம் போட்டிருந்தேன். “பிள்ளையின்ர ஊசி தப்பிப்போச்சு அக்கா, நான் என்ன தாய்” என்று சோற்றுக்கு முன்னால் அழுதேன்.

“எங்க, காட்டும்.” அட்டையை வாங்கிப் பார்த்தார். 4/6 என்று கையால் எழுதியிருந்தது. “உது ஏப்ரல் ஆறு. நீர் ஜூன் நாலு எண்டு வாசிச்சிருக்கிறீர். இவை சில பேர் மாதத்தைத்தான் முதல் எழுதுவினம். ஊசி ஒரு கிழமை பிந்தினால் பிள்ளைக்கு ஒண்டும் நடவாது. மூக்கைத் துடையும்.”

அட்டையைத் திருப்பித் தர நீட்டியவர், தராமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“வாணி, கிழவரின்ர பதிலுகளில மூலையில எண்ணாத்தானே திகதி கிடக்கு?”

“ஓம்.”

“நாங்கள் எப்பிடிப் போட்டனாங்கள்?”

கிழவரின் எழுதுவினைஞர், நகல்களின் மூலையில் திகதியை வெறும் எண்களாகக் குறித்திருந்தார். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. தலைக்குத் தெரியும், விரல்களுக்குத் தெரியாது. பன்னிரண்டுக்கு மேற்பட்ட எண் வந்த இடங்களில் கண் விழித்துக்கொண்டது. சின்ன எண்கள் வந்த இடங்களில் எங்கள் விரல்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டன. முதல் எண்ணை நாளாக வாசித்து, 5/3 என்றிருந்த மே மாதக் கடிதத்தை மார்ச் மாதத்தில் போட்டிருந்தோம். ஒருவர் பிழை விட்டிருந்தால் சிவப்பு வந்திருக்கும். இருவரும் ஒரே மாதிரிப் படித்து வளர்ந்தவர்கள், ஒரே பிழையை விட்டோம். அதனால் கணினி எல்லாம் சரி என்றது. பதிலைத் தேடும்போது, கேள்விக்குப் பிந்திய திகதிகளில் மட்டும் அது தேடும். பதில் கேள்விக்கு முன்னால் போய்க் கிடந்தால் அதன் கண்ணில் படாது.

சாப்பாட்டுப் பெட்டியை மூடாமலே அவர் கெவினிடம் போனார். நான் பின்னால் போனேன்.

“அக்கா, கிளையன்ற் ஒண்டும் சொல்லேல்லைத்தானே?” என்றான் கெவின். “அந்த ஃபைல் எல்லாம் குளோஸ் பண்ணியாச்சு. விடுங்கோ, பிளீஸ்.”

“பதில் வந்திருக்க, வரேல்லை எண்டு போட்டிருந்தால் அந்த மனிசி என்ன நினைப்பா, தம்பி?”

“எந்த மனிசி?”

“உடுப்புத் தோய்க்கிற மனிசி.”

“அக்கா, ஷி இஸ் டெட். லைக், எப்பவோ.”

“செத்தவைக்குப் பதில் பிந்தினால் பரவாயில்லையோ?”

கெவின் என்னைப் பார்த்தான். நான் அக்காவைப் பார்த்தேன். “சரி, சனிக்கிழமை வாங்கோ,” என்றான். “பணிஸ் கொண்டு வாங்கோ.”

அந்தச் சனிக்கிழமை லயாவை முதன்முதலாக முழுநாளும் அவளுடைய அப்பாவிடம் விட்டுவிட்டு வந்தேன். காலையிலிருந்து ஒவ்வொரு நகலாகத் திறந்து நாளையும் மாதத்தையும் இடம் மாற்றினோம். பின்னேரம்போல அந்த விதவையின் கடிதத்துக்குத் திரும்பிப் போனோம். ‘பதில் இல்லை’ என்ற வரி அங்கே இல்லை. திறப்பதற்கு ஒரு பதில் இருந்தது. றஞ்சி அக்கா கையைக் கணினிச் சுட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எடுத்துவிட்டார்.

“நீர் திறவும்.”

திறந்தேன். சின்னக் கடிதம். மகனைப் பற்றி விசாரித்ததாகவும், அவன் எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை என்றும், மறுபடி தேடச் சொல்லியிருப்பதாகவும் எழுதியிருந்தது. அவ்வளவுதான்.

“தெரியேல்லை எண்டுதானேக்கா எழுதியிருக்கிறார்.”

“தெரியேல்லை எண்டு எழுதினாலும் பதில்தான், வாணி.”

அந்தப் பெண்ணின் கடிதத்தைப் பக்கத்தில் திறந்து வைத்து, வரிவரியாக விரலால் தடவினார். “பாரும், ஒரு புள்ளிகூட இல்லை. ஒரு வரி நேரா இல்லை. இதுக்குப் போட்டிருக்கிறார். அப்ப பிழை என்ர கடிதத்தில இல்லை.”

அவருக்குப் பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்து நான் சந்தோசப்பட்டேன். நான் சின்னப் பெண், விளங்கவில்லை. அவர் மேசையில் கையை வைத்து, அதன்மேல் நெற்றியை வைத்து, சத்தம் இல்லாமல் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். தலையைத் தூக்காமலே சொன்னார்:

“பிழை என்னில எண்டு இருந்த வரைக்கும், இன்னொருக்கா வடிவா எழுதினால் பதில் வரும் எண்டும் இருந்தது.”

கெவின் பணிஸ் எடுக்க வந்தவன், வாசலிலேயே நின்று திரும்பிப் போனான்.

வீட்டுக்குப் போகும் வழியில் காரை மயானத்துக்குத் திருப்பினார். “அம்மாட்ட ஒரு சொல்லுச் சொல்லவேணும். உமக்கு நேரம் போகுதோ?” இல்லை என்றேன். நான் காருக்குள் இருந்தேன். ஸ்நோ கரைந்து புல் சேறாகிக் கிடந்தது. அவர் ஒரு கல்லுக்கு முன்னால், கைப்பையைத் தோளில் மாட்டியபடி, கடைக்காரரோடு கதைப்பவர்போல நின்று கதைத்தார். திரும்பி வந்து சப்பாத்துச் சேற்றைக் கதவோரம் தட்டிவிட்டு ஏறினார்.

“சொல்லிப்போட்டன். வடிவாத்தான் எழுதினனான் எண்டு.”

பிறகு வழி நெடுக மீன் விலையைப் பற்றிக் கதைத்தார்.

அந்த ஒப்பந்தம் முடிந்தது. நான் லைசென்ஸ் எடுத்தேன். வேறு வேலைக்குப் போனேன். ஆனால் அவரிடமிருந்து பதில் வராத நாள் இருந்ததில்லை. உங்களுக்கும் தெரியும், வட்ஸ்அப்பில் எதைப் போட்டாலும், பார்த்துவிட்டேன் என்பதற்கு உடனே ஒரு சொல் வரும்: “கண்டன்.” மரண அறிவித்தலுக்கும் அதுதான், பிறந்தநாள் படத்துக்கும் அதுதான், யாரோ எல்லோருக்கும் அனுப்பிய மருத்துவக் குறிப்புக்கும் அதுதான். பகிடி பண்ணியிருக்கிறோம். ‘கண்டன் அன்ரி’ என்று பாடகர் குழுவில் பெயரே வைத்திருந்தார்களாம். எனக்கோ அந்தச் சொல் மருந்து. லயாவுக்குத் தடிப்பு, லயா சாப்பிடவில்லை, லயா மூச்சை வேகமாக விடுகிறாள் என்று நான் அனுப்பும் ஒவ்வொன்றுக்கும், என் அம்மாவுக்கே அலுத்துப்போன பிறகும், அவர் ‘கண்டன்’ என்றார். யாரோ கண்டுவிட்டார்கள் என்பதே பாதி நிம்மதி. அந்தச் சொல்லுக்குப் பின்னால் எத்தனை வருடக் காத்திருப்பு இருந்தது என்று இனித் தெரிந்துகொள்ளுங்கள். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அந்தக் கடிதங்கள் இப்போது இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வந்துவிட்டன. சென்ற கிழமை தேடிப் பார்த்தேன். தட்டச்சிட்டவர்களின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் உடுப்புத் தோய்த்த அந்தத் தாயின் கடிதம், றஞ்சி அக்கா போட்ட பெட்டியிலேயே, தனிப்பட்டவைக்குள் இருக்கிறது. அதற்குக் கீழே பதில் இருக்கிறது. யூட்டுக்காக அக்கா எழுதிய கடிதங்கள் எங்கே கிடந்தாலும், அவற்றுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

நேற்று லயா கேட்டாள், “றஞ்சி அன்ரி எங்க போயிட்டா?” என்று. அவள் கேட்கும்போதெல்லாம் பிஸ்கட்டைக் காட்டியோ கார்ட்டூனைப் போட்டோ பேச்சை மாற்றிக்கொண்டு வந்தேன். பயத்தில் நான் செய்யும் பல வேலைகளில் அதுவும் ஒன்று. நேற்று மாற்றவில்லை. “அம்மாக்குத் தெரியேல்லை, பிள்ளை,” என்றேன். என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். “ஓகே” என்றுவிட்டு விளையாடப் போனாள். றஞ்சி அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது இதைத்தான்: தெரியாதென்றாலும் கேட்டவருக்குத் திருப்பிச் சொல்லிவிடுவது.

அவருடைய கடைசிச் செய்தி என் கைபேசியில் அப்படியே இருக்கிறது. “கண்டன். காய்ச்சல் விட்டால் சொல்லும்.” அடுத்த நாள் காய்ச்சல் விட்டது. பிள்ளையை டேகெயாரில் விட்டுவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் ஷர்மி அழைத்துவிட்டாள்.

கண்டன், அக்கா. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிட்டுது.